எந்தத் தோட்டத்துப் புள்ள நீ

அடியே,

நேற்று மத்தியானம் போன் அடித்தது. சோற்றில் கை வைக்கப்போன நேரம். எடுத்தால் ஓர் இளம்பெண்ணின் குரல். இணையத் தொடர்பு விற்கிறாளாம். மூக்கால் பேசும் இங்கிலீஷ், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரலைத் தூக்கி நிறுத்துகிறாள். படம் பார்த்துப் படித்த அமெரிக்கா என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வேண்டாமம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "மேடம், ஆர் யூ த்ரூ வித் யுவர் ஓல்ட் பிளான்?"

அந்த 'த்ரூ'வைக் கேட்டதும் சோறு மறந்துபோயிற்று. ஓடிகோலோன் வாசம் வந்தது. பொய்யில்லை, வந்தது. ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு, வாய்க்கருகே வரும் அந்தக் கறுப்புக் குழலை அழுந்தத் துடைப்பாயே, அந்த வாசம். "முந்தின ஷிப்டுக்காரி சம்பல் தின்னுட்டு வந்து பேசியிருக்காடி, எனக்கு இங்க பசிக்குது லா" என்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னைப் பற்றி யாரிடமும் நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆகவே உன்னிடமே பேசிவிடுகிறேன்.

நாம் அந்த ஓட்டலில் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். மலேசிய ஈயம் ஈப்போவில் இன்னும் விலைபோய்க்கொண்டிருந்த காலம். படிக்கட்டுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறை. அதில் சுவர் மாதிரி நிற்கும் சுவிட்ச்போர்டு. சிவப்பும் பச்சையுமாகக் கயிறுகள். விளக்கு மினுங்கினால் கயிற்றை எடுத்துச் சரியான ஓட்டையில் செருக வேண்டும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நீயும் நானும். குட்டையில் மிதந்து ஈயம் தோண்டும் ஈயக் கப்பல் பார்க்க வரும் இங்கிலாந்துக்காரர், இயந்திரம் விற்க வரும் அமெரிக்கர், கடலோர விமானத் தளத்திலிருந்து விடுமுறைக்கு வரும் ஆஸ்திரேலியர் என்று எல்லோரும் நம் காது வழியாகத்தான் ஊரோடு பேசினார்கள்.

சேர்ந்த அன்றே நம் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். என்ன சொல்லி எடுப்பது, என்ன சொல்லி இணைப்பது, என்ன சொல்லி மறுப்பது, எல்லாம் அதில் இருந்தது. அட்டையை எழுதியவர் இங்கிலாந்துக்காரர். அதனால் லைன் கிடைத்ததும் 'யூ ஆர் த்ரூ' என்று சொல்ல வேண்டும். கிடைத்துவிட்டது, பேசுங்கள் என்று அர்த்தம். ஓர் அமெரிக்கர் தன் வீட்டுக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்தார். மத்தியானம் லைன் கிடைத்தது. நான் பெருமையாக "யூ ஆர் த்ரூ, சார்" என்றேன். அவர் ஊரில் அதற்கு உன் பேச்சு முடிந்தது என்று அர்த்தமாம். இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று கத்திவிட்டு டொக்கென்று வைத்துவிட்டார். லைன் போயிற்று. நான் அழுதேவிட்டேன். நீ என் கயிற்றைப் பிடுங்கி அவர் அறைக்குச் செருகி, அச்சு அசலாக அவரைப் போலவே மூக்கால் பேசி, அவரைச் சிரிக்கவைத்து, எக்ஸ்சேஞ்சைக் கெஞ்சி மறுபடியும் லைன் வாங்கிக் கொடுத்தாய். நீ அமெரிக்காவில் எந்த மாநிலத்துப் பெண் என்று அவர் உன்னிடம் கேட்டார்.

அன்றுதான் உன் வாய்க்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்திரேலியர் பேசினால் நீ ஆஸ்திரேலியா. இங்கிலாந்துக்காரரிலும் லண்டன் வேறு, வடக்கு வேறு என்று உனக்குக் காதிலேயே பிடிபடும். காலை ஆறுக்கு 'நாக் மீ அப்' என்று ஓர் ஆங்கிலேயப் பெரியவர் சொன்னார். கதவைத் தட்டி எழுப்பு என்கிறார், பாவம். அதை மேசையருகே நின்று கேட்ட அமெரிக்கப் பெண்மணியின் முகம் செம்பருத்திப் பூ மாதிரி ஆகிவிட்டது. அவள் ஊரில் அதற்குப் பிள்ளை கொடுப்பது என்று பொருள். ஆஸ்திரேலியப் பையன் ஒருவன் தன் கூட்டாளி 'குரூக்' என்று போனில் சொல்ல, ரூம் பாய் திருடன் திருடன் என்று மாடிப்படியில் ஓடினான். நீ அவனைக் கூப்பிட்டு, "டேய், அவங்க ஊருல குரூக்குனா காய்ச்சல்காரன்டா, போய் சுடுதண்ணி கொண்டு குடு" என்றாய். 'பிஸ்ட்' என்றால் ஒருவருக்குக் குடிபோதை, இன்னொருவருக்குக் கோபம். எனக்கு எப்போதும் குழம்பும். "குழம்பாதடி, எங்க சித்தப்பாவ நெனச்சுக்க. ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்" என்று நீ சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை.

நம் இங்கிலீஷ் மட்டும் என்ன வாழ்ந்தது? என் அண்ணன் உன்னை 'சென்ட்' பண்ணுவான் என்றால் காரில் கொண்டுபோய் வீட்டில் விடுவான் என்று நமக்குப் புரியும். வெள்ளைக்காரிக்கோ உன்னைப் பொட்டலம் கட்டித் தபாலில் போடுவான் என்றுதான் தோன்றும். காரைப் பின்னால் எடுப்பது நமக்கு 'கோஸ்தான்'. அது கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டர்ன்' தேய்ந்து வந்தது என்று எவனாவது சொன்னால்தான் தெரியும். புந்தோங் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே நாம் இதையெல்லாம் பேசிச் சிரிப்போம். கண்டக்டர் நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் நீ சிரித்ததில்லை. எழுதியதை அழிக்க ஓர் அமெரிக்கரிடம் நம் மேசைக்காரப் பெண் 'ரப்பர் வேணுமா சார்' என்று கேட்டுவிட்டாள். அவர் அதைக் கர்ப்பத்தடைச் சமாசாரமாக எடுத்துக்கொண்டு திடுக்கிட்டுப்போனார். ஓட்டலே விழுந்து விழுந்து சிரித்தது. நீ மட்டும் கயிறுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாய். "என்னடி, புரியலையா?" என்றேன். "புரியுது. ஆனா அது சோறுடி" என்றாய். அவ்வளவுதான். யாருடைய சோறு என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு சொல்லும் இருந்தது. யாராவது கொஞ்சம் பட்டிக்காட்டுத்தனமாக உடுத்தினால், உரக்கப் பேசினால், கையால் சாப்பிட்டால், ரிசப்ஷனில் இருந்த கான்வென்ட்டுப் பெண்கள் "டோன்ட் பி சோ எஸ்டேட் லா" என்பார்கள். ஈப்போ முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டது. இங்கிலாந்துக்காரருக்கு எஸ்டேட் என்றால் பரம்பரைச் சொத்து. கொஞ்சம் வசதி குறைந்தவருக்கு அரசாங்க வீட்டு வரிசை. பின்னால் கதவு வைத்த நீளமான காருக்கும் அதே பெயர்தான். நம் ஊரில் மட்டும் அது நம் ஆட்கள் பால்மரம் வெட்டும் ரப்பர் தோட்டம், ஆகவே வசைச்சொல். அந்தப் பெண்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நீயும் சேர்ந்து சிரிப்பாய். சிரித்து முடித்ததும் கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே துடைத்த குழலை மறுபடி துடைப்பாய்.

எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? முதல் முறை எங்கள் புந்தோங் வீட்டுக்கு உன்னைக் கூட்டி வந்தபோது என் அம்மா கேட்டார். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் கேட்பதுதானே. பெயர் கேட்பார்கள், அடுத்த கேள்வி அது. "எந்தத் தோட்டம்மா நீ?" நீ தேத்தண்ணிக் கிளாசை வைத்துவிட்டாய். "ஈப்போதான் ஆண்ட்டி" என்றாய். அம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பாதித் தேத்தண்ணி கிளாசிலேயே கிடந்தது. நீ ஈப்போவில் சித்தி வீட்டில் இருந்து கான்வென்ட்டில் படித்தாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் லீவு நாளிலும் பெரட்டு நேரத்துக்குக் கண் விழித்துக்கொள்கிறவளை எந்த ஊர்க்காரி என்று நான் நினைப்பது? விடியுமுன்னே லயத்து வரிசை வீடுகளை எழுப்பி ஆள் கணக்கெடுக்கத் தோட்டத்து மணி அடிக்குமே, அந்தப் பெரட்டுதான். பட்டணத்தில் பிறந்தவளுக்கு அந்த வழக்கம் எங்கிருந்து வரும்? சொல்லட்டும், சொல்லும்போது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைமை ஆபரேட்டர் வேலை அப்போதுதான் காலியானது. நம் இருவரில் ஒருவருக்கு என்று பேச்சு. பேச்சு என்ன பேச்சு, உனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த வேலை கிடைத்தால் சம்பளம் கூடும், ராத்திரி ஷிப்டு கிடையாது, அம்மாவை ஈப்போவுக்குக் கூட்டி வந்து தனியாக ஒரு வீடு பார்க்கலாம் என்று நீ பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வருவாய். அம்மா எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்ல மாட்டாய்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நல்ல மனிதர், அதட்டாதவர். உன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். ஒரு காலை முழுவதும் நீ எப்படி வேலை செய்கிறாய் என்று கேட்பதுதான் பரீட்சை. இரண்டு விஷயம் அவர் முன்பே சொல்லிவிட்டார். போர்டில் இங்கிலீஷ் மட்டும்தான். ஊழியர்களுக்கு வரும் வீட்டு அழைப்புகளை இணைக்கக் கூடாது, அட்டையில் உள்ள வாக்கியத்தைச் சொல்லி மரியாதையாக வைத்துவிட வேண்டும். இரண்டும் எப்போதும் உள்ள விதிதான். ஆள் இல்லாதபோது நாம் வளைத்துக்கொள்வோம், அவ்வளவே.

அன்று நீ என்னமாய்ப் பேசினாய்! அந்த வெள்ளைக்காரர் கண்ணை மூடி, பாட்டுக் கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பதினொரு மணி இருக்கும். வெளி லைன் விளக்கு மினுங்கியது. நீ கயிற்றைச் செருகி, அட்டையில் உள்ளபடி காலை வணக்கம் சொன்னாய்.

"அலோ, அலோ, தமிழ் பேசுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு பெண் குரல். காட்டில் எட்டக் கூப்பிட்டுப் பழகிய குரல். ஹெட்செட்டை மீறி எனக்கே கேட்டது. "சுங்கை சிப்புட்டு கடையிலேருந்து பேசுறேன். எம்மவ லெட்சுமி அங்கதான் துணி தொவைக்கிற எடத்துல வேல செய்றா. அவங்கப்பா மேல மரம் விழுந்துருச்சு. லோரில ஏத்தி ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. நெனவு இல்ல. கூட யாரும் இல்ல. எம்மவள போகச் சொல்லுங்க, யாராச்சும் சொல்லுங்க!"

நீ அட்டை வாக்கியத்தைத் தொடங்கினாய். ஐ ஆம் சாரி என்பது வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான் கையை நீட்டினேன். நமக்குள் அது வழக்கம்தானே. ஒருத்திக்கு முடியாத அழைப்பை இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். அன்றைய பரீட்சை எனக்கில்லை. கயிற்றை என் பக்கம் தள்ளிவிட்டிருந்தால் நான் பேசியிருப்பேன், உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீ என் கையைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, மெதுவாகக் குழலில், "அம்மா, அழாதீங்க. நான் இருக்கேன்" என்றாய்.

அந்த அம்மாள் விம்மலை நிறுத்தினாள். அவ்வளவு கஷ்டத்திலும் நம் ஆட்கள் அதைக் கேட்காமல் விடுவார்களா? "யாரும்மா? தமிழ்ப் புள்ளயா? எந்தத் தோட்டத்துப் புள்ள நீ?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கான்வென்ட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போர்டில் தமிழ் கேட்டால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்தார்.

"இரும்புப்பாலத் தோட்டம்மா," என்றாய். "ரெண்டாவது டிவிஷன். மூணாவது லயம். எங்கம்மாவும் பால்மரந்தான் வெட்டுறாங்க. இப்ப நீங்க சொல்லுங்க, ஒங்க வீட்டுக்காரரு பேரு என்னா?"

உன் குரலை நான் அதுவரை கேட்டதில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அமெரிக்கா இல்லை, இங்கிலாந்து இல்லை, எங்கள் வீட்டில் நீ பேசும் பட்டணத் தமிழ்கூட இல்லை. அந்த அம்மாளின் பேச்சு நிதானத்துக்கு வந்துவிட்டது. "இரும்புப்பாலமா? அடி எம்புள்ள, நாங்க ஆத்துக்கு இந்தாண்டதான்" என்று அவள் சொல்வது கேட்டது. பெயர், வயது, என்ன சட்டை போட்டிருந்தார், எந்த லோரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாய். லாண்டரிக்குக் கயிற்றைச் செருகி லெட்சுமியைக் கூப்பிட்டு, தாயையும் மகளையும் இணைத்தாய்.

அதோடு விட்டாயா? அடுத்த கயிற்றை எடுத்து ஆஸ்பத்திரிக்குச் செருகினாய். இப்போது உன்னிடம் இருந்த குரல்களிலேயே உயரமான குரல், லண்டன் சீமாட்டியின் குரல். தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நோயாளி எந்த வார்டில், எந்த டாக்டர் பார்க்கிறார், உடனே தெரிய வேண்டும் என்றாய். அந்தக் குரலுக்கு மறுமுனையில் 'எஸ் மேடம், எஸ் மேடம்' என்று ஓடினார்கள். ஒரு பால்மரம் வெட்டுகிறவருக்காக ஈப்போ ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். லெட்சுமி சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்து நின்றபோது, எந்த வாசலால் நுழைய வேண்டும், மாடியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரை உன்னிடம் பதில் இருந்தது.

வெள்ளைக்காரர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார். கோபப்படவில்லை. உன் குரல் மிக அருமை, ஆனால் போர்டு இதற்காக இல்லை என்றார். மற்ற விளக்குகள் எல்லாம் அவ்வளவு நேரமும் மினுங்கிக்கொண்டிருந்தன, அதுவும் உண்மைதான். அடுத்த வாரம் வேலை எனக்கு வந்தது.

உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். உனக்கு வந்த வேலை என் மடியில் விழுந்தால் எனக்கு எப்படி இருக்கும்? பஸ் ஸ்டாண்டிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கு பைத்தியமாடி? நான் கைய நீட்டுனேன்ல? என் பக்கம் தள்ளிவிட்டிருந்தா நான் பேசியிருப்பேன். லெட்சுமிக்கும் சேதி போயிருக்கும், ஒனக்கும் வேல கெடைச்சிருக்கும்."

நீ பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். "அந்தம்மா என்னையக் கேட்டுச்சுடி. ஒன்னையக் கேக்கல."

"என்னா கேட்டுச்சு பெருசா?"

"இத்தன வருஷம் போர்டுல ஒக்காந்து எல்லாரு மாதிரியும் பேசுறேன். அவங்கவங்க ஊருல நான் எந்தப் பக்கம்னுதான் கேப்பாங்க. என் ஊரு என்னான்னு ஒருத்தரும் கேக்கல. ஒங்கம்மா கேட்டாங்க, அவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ரெண்டாவது வாட்டியும் சொல்ல முடியல லா."

பஸ் வந்துவிட்டது. நான் ஏறவில்லை, நீயும் ஏறவில்லை. என்னைப் போய் வாயடைக்க வைத்த ஆள் நீ ஒருத்திதான், அதற்காக உன்னை நான் எப்போதும் மன்னிக்கமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கோயில் முடிந்து, பைபிள் கையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நீயாகவே அடுப்படியில் போய் நின்றாய். "ஆண்ட்டி, அன்னைக்கு கேட்டீங்கள்ல. நான் இரும்புப்பாலத் தோட்டம்" என்றாய். அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ரெண்டாவது டிவிஷனா, மொதல் டிவிஷனா? மொதல் டிவிஷன்ல எங்க சின்னம்மா மக இருந்தாளே, ஆயாக்கொட்டகையில புள்ளைங்கள பாத்துக்குவா. கொஞ்சம் கால் தாங்கி நடப்பா."

உன் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். "சின்னத்தாயி பெரியம்மாவா? என்னைய தூக்கி வளத்ததே அவங்கதான் ஆண்ட்டி!"

அந்தக் கேள்வியே அதற்குத்தானடி. நீ எந்தத் தராசில் எவ்வளவு நிற்பாய் என்று பார்க்க யாரும் அதைக் கேட்பதில்லை. நீ யாருடைய ஆள், எந்த வழியில் நமக்கு ஒட்டு என்று தேடித்தான் கேட்பார்கள். அம்மா உனக்கு அதற்குள் ஓர் உறவுமுறை கண்டுபிடித்து, ஆண்ட்டி என்று கூப்பிடாதே, பெரியம்மா என்று கூப்பிடு என்று சொல்லிவிட்டார். மதம் வேறு, அதெல்லாம் அம்மாவுக்குக் கணக்கில்லை. அன்று நீ தேத்தண்ணியை மீதி வைக்கவில்லை. இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினாய்.

சில மாதம் கழித்து லெட்சுமியின் அப்பா ஓட்டலின் பின்வாசலுக்கு வந்தார். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது, மற்றபடி ஆள் தேறிவிட்டார். மனைவி ஒரு பலாப்பழத்தைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்திருந்தாள். "அந்த இரும்புப்பாலத்துப் புள்ளையப் பாக்கணும்" என்று கேட்டார்களாம். நீ குதிகால் செருப்போடு போய் அந்தப் பழத்தை இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு ரிசப்ஷன் வழியாகவே நடந்து வந்தாய். கான்வென்ட்டுப் பெண்களில் ஒருத்தி "ஐயோ, சோ எஸ்டேட்!" என்றாள். நீ நின்று, அவளிடம் லண்டன் சீமாட்டியின் குரலில், "குவைட் ரைட், மை டியர். வுட் யூ கேர் ஃபார் சம்?" என்றாய். அவள் அசடு வழிந்தாள். சாயங்காலம் எண்ணெய் தடவிய கையோடு முதலில் வந்து உட்கார்ந்து சுளை தின்றவளும் அவள்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உனக்குக் கல்யாணம் ஆகிப் பாகான் செராய்க்குப் போய்விட்டாய். வீட்டுக்கு முன்னால் வயல், பின்னால் வயல், பேச ஆளில்லை, நாரைகிட்ட எந்த இங்கிலீசு பேசுறது என்று போனில் புலம்புவாய். சொன்னபடி அம்மாவைக் கூட்டிப்போய்க் கூடவே வைத்துக்கொண்டாய். ஈப்போவில் அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அதே ஓட்டலில் அந்த நாற்காலி தேயும்வரை வேலை. புதிதாக வரும் பெண்களிடம் அட்டையைக் கொடுப்பேன். வீட்டு அழைப்பு விதி அதில் கடைசிவரை அச்சாகித்தான் இருந்தது. ஆனால் நான் தலைமை ஆபரேட்டராக இருந்தவரை எந்தத் தாயின் அழைப்பும் அந்தப் போர்டில் துண்டிக்கப்படவில்லை.

போன வருஷம் உன் மகன் கூப்பிட்டுச் சொன்னபோது நான் அழவில்லை. பாகான் செராய் வந்து, உன்னைப் பார்த்து, மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். உன் மருமகள் வழியில் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருவர் அமெரிக்க இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று திரும்பினேன். அப்போதுதான் அழுகை வந்தது. உன்னைப் போல எனக்கு இனி ஒரு ஆள் கிடைக்கப்போவதில்லை.

நேற்றைய போனை முடிக்காமல் விட்டேன், பார். அந்தப் பெண் "ஹலோ மேடம், ஆர் யூ தேர்?" என்று இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டாள். பெயர் என்ன என்று கேட்டேன். ஷர்மி என்றாள்.

"தமிழாம்மா நீ?"

கொஞ்சம் தயங்கி, "யெஸ் மேடம்... ஆமா ஆண்ட்டி" என்றாள். அமெரிக்கா பாதி கழன்றுவிட்டது.

"எந்தத் தோட்டம்?"

நிறையப் பேர் பேசும் இரைச்சல் மட்டும் பின்னால் கேட்டது. பிறகு மிக மெதுவாக, "ஆண்ட்டி, இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது ஆண்ட்டி. தமிழ் பேசக் கூடாது" என்றாள்.

பாவம், வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவளுடைய சூப்பர்வைசரும் எங்கேயோ ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரிம்மா, பரவாயில்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவளே பேசினாள். குரல் தணிந்து, வாயைக் குழலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பேசுவது தெரிந்தது.

"தாத்தா பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஆண்ட்டி. தோட்டம் பேரு எனக்கு சரியா தெரியாது. இப்ப அங்க தாமான் ஆயிருச்சு, வீடா கட்டிட்டாங்க. பாட்டிய கேட்டு சொல்றேன்." பிறகு அவளே கேட்டாள். "நீங்க ஆண்ட்டி? நீங்க எந்தத் தோட்டம்?"

எனக்கேதடி தோட்டம்? நான் புந்தோங்கில் பிறந்து புந்தோங்கிலேயே கிழவியானவள். என் தாத்தா காலத்திலேயே காட்டை விட்டு வந்தாயிற்று. எந்த லயத்திலும் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. ஆனால் அந்தப் புள்ள என்னைக் கேட்டுவிட்டாள், வேறு யாரையும் கேட்கவில்லை.

"இரும்புப்பாலத் தோட்டம்மா," என்றேன். "ரெண்டாவது டிவிஷன். மூணாவது லயம்."